சொந்தமாக எழுதிய படிவப் புலக் குறிச்சொல் ஒருவருடைய மதிப்பை இன்னொருவர் படிவத்தில் காட்டுகிறது: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி

வணக்கம். ஸ்பிரிங் எம்விசியில் இயங்கும் ஒரு ஜாவா வலைச் செயலியை நாங்கள் பராமரித்து வருகிறோம். படிவங்களில் வரும் உள்ளீட்டுப் புலங்கள் எல்லாப் பக்கங்களிலும் ஒரே சீராக அமைய வேண்டும் என்பதற்காக, ஸ்பிரிங்கோடு வரும் படிவக் குறிச்சொற்களைப் பயன்படுத்தாமல், ஜேஎஸ்பியின் (சேவையகத்திலேயே எச்டிஎம்எல்லை உருவாக்கும் ஜாவா பக்க முறை) டேக்சப்போர்ட் வகுப்பை நீட்டித்து நாங்களே ஒரு புலக் குறிச்சொல்லை எழுதி வைத்திருக்கிறோம். பெயர், தலைப்பு, மதிப்பு, கட்டாயம் என்று நான்கு பண்புக்கூறுகளை அது ஏற்கும். முதல் இரண்டையும் எழுதியே ஆக வேண்டும். மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். மதிப்பு என்ற பண்புக்கூறைப் பக்கத்தில் எழுதாமல் விட்டால், புலத்தின் பெயரை வைத்துக்கொண்டு அந்தக் கோரிக்கையோடு வந்த மாடல் பொருளிலிருந்து (பக்கத்தில் காட்ட வேண்டிய தரவைத் தாங்கும் பொருள்) குறிச்சொல்லே மதிப்பைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் உறுப்பினர் விவரங்களைத் திருத்தும் பக்கத்தில் வருகிறது. அந்தப் பக்கத்தில் ஏறத்தாழ எல்லாப் புலங்களுக்கும் மதிப்பை வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறோம். பிறந்த தேதிக்கு மட்டும் கொடுக்கவில்லை. சேவையகத்தை நிறுத்தித் தொடங்கியபின் முதலில் எந்த உறுப்பினரின் பக்கத்தைத் திறக்கிறோமோ அவருடைய பிறந்த தேதி சரியாக வருகிறது. அதன்பின் யாருடைய பக்கத்தைத் திறந்தாலும் அந்த முதல் உறுப்பினரின் தேதியே புலத்தில் நிற்கிறது. எங்கள் மேம்பாட்டுக் கணினியில் இப்படி ஒரே தேதிதான் திரும்பத் திரும்ப வருகிறது. பயன்பாட்டில் இருக்கும் சேவையகத்திலோ இரண்டு மூன்று வெவ்வேறு உறுப்பினர்களின் தேதிகள் மாறி மாறி வருகின்றன. இதைக் கவனிக்காமல் சேமிக்கும் பொத்தானை அழுத்தியவர்களின் பதிவுகளில் தவறான தேதி தரவுத்தளத்திற்கே போய்விட்டது. எனவே இதை வெறும் தோற்றப் பிழை என்று ஒதுக்க முடியவில்லை.

நான் இதுவரை பார்த்தவற்றைச் சொல்கிறேன். கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலர் வகுப்பில் பதிவு (லாக்) எழுதிப் பார்த்தேன். மாடலில் இருக்கும் தேதி ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கிறது. உலாவியின் தற்காலிகச் சேமிப்பாக இருக்குமோ என்று பக்கத்தின் மூலத்தைப் பார்த்தேன். சேவையகம் அனுப்பும் எச்டிஎம்எல்லிலேயே தவறான தேதி இருக்கிறது. ஜேஎஸ்பி பக்கத்திலேயே புலத்திற்கு முன்னால் தேதியை அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்தேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிந்தது, ஆனால் அடுத்த உறுப்பினரைத் திறந்ததும் பழைய நிலை திரும்பியது. குறிச்சொல்லில் கட்டாயம் என்ற பண்புக்கூறைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட்கள் மோதிக்கொள்கின்றனவோ என்று ஐயப்பட்டு, குறிச்சொல் தொடங்கும்போது ஓடும் டூஸ்டார்ட்டேக் முறையை சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும்படி) ஆக்கினேன். எந்த மாற்றமும் இல்லை.

நிரலின் போக்கு இதுதான். டூஸ்டார்ட்டேக் தொடங்கியதும் மதிப்பு என்ற பண்புக்கூறைத் தாங்கும் வேல்யூ என்ற உறுப்பு மாறி நல் (எதுவும் இல்லாத நிலை) ஆக இருக்கிறதா என்று பார்க்கிறது. நல் என்றால் மாடலிலிருந்து மதிப்பை எடுத்து அதே வேல்யூ மாறியில் வைக்கிறது. அந்தப் புலத்திற்குச் சரிபார்ப்புப் பிழை ஏதேனும் இருந்தால் ஹேஸ்எரர் என்ற உறுப்பு மாறியை ட்ரூ ஆக்குகிறது. பிறகு தலைப்பையும் உள்ளீட்டுப் புலத்தையும் எழுதிவிட்டு ஸ்கிப் பாடி என்று திருப்பி அனுப்புகிறது. ரிலீஸ் முறையில் எல்லா உறுப்பு மாறிகளையும் நல் ஆகவும் ஃபால்ஸ் ஆகவும் மீட்டமைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் முந்தைய கோரிக்கையின் மதிப்பு அடுத்த கோரிக்கைக்கு எந்த வழியாக வருகிறது என்பது எனக்குப் புலப்படவில்லை. நாங்கள் பயன்படுத்தும் சேவையகம் டாம்கேட்.

முதல் மறுமொழி

ஒருவருடைய தரவு இன்னொருவருக்குத் தெரிகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது கன்ட்ரோலரைத்தான். ஸ்பிரிங்கில் கன்ட்ரோலர் இயல்பாக ஒரே ஒரு பொருளாகவே உருவாக்கப்பட்டு எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொதுவாக இருக்கும். அதன் உறுப்பு மாறியில் உறுப்பினர் பொருளை வைத்திருந்தால் நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே வரும். செஷன் அட்ரிப்யூட்ஸ் குறிப்பைப் பயன்படுத்தி மாடலை அமர்வில் வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி. இரண்டையும் பார்த்துவிட்டேன். கன்ட்ரோலரில் சேவை வகுப்புகளைச் சுட்டும் மாறிகளைத் தவிர வேறு உறுப்பு மாறி இல்லை. அமர்வில் மாடலை வைக்கவும் இல்லை. மேலும், அதே பக்கத்தில் அதே மாடலிலிருந்து வரும் மற்ற புலங்கள் எல்லாம் எப்போதும் சரியாகவே இருக்கின்றன. மாடல் மாறிப்போயிருந்தால் அவையும் மாறியிருக்க வேண்டுமே.

இரண்டாம் மறுமொழி

நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான தடயம். மாடல் சரி, கன்ட்ரோலர் சரி, மதிப்பை வெளிப்படையாகக் கொடுத்த புலங்கள் சரி. குறிச்சொல் தானே தேடிக்கொள்ளும் புலம் மட்டும் தவறு. ஆகவே பழைய மதிப்பு தங்கியிருக்கும் இடம் குறிச்சொல்லின் கையாளிப் பொருள்தான், அதாவது உங்கள் குறிச்சொல் வகுப்பிலிருந்து உருவாகும் பொருள். அது ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுகிறது என்றும், வேலை முடிந்ததும் ரிலீஸ் அழைக்கப்படுகிறது என்றும் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டுமே நடப்பதில்லை.

விளக்கத்திற்கு முன் ஓர் அவசர வேலை இருக்கிறது. தரவுத்தளத்தில் தவறான தேதி ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறீர்கள். டாம்கேட்டின் பொது வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் ஜேஎஸ்பி என்ற பெயரில் ஒரு சர்வ்லெட் (கோரிக்கைக்கு மறுமொழி தரும் ஜாவா வகுப்பு) அறிவிக்கப்பட்டிருக்கும். அதற்கு எனேபிள்பூலிங் என்ற தொடக்க அளவுருவைச் சேர்த்து ஃபால்ஸ் என்று கொடுங்கள். அதன் இயல்பு மதிப்பு ட்ரூ. பிறகு டாம்கேட்டை நிறுத்தி, வொர்க் கோப்புறையில் இந்தச் செயலிக்காக உருவாகியிருக்கும் கோப்புகளை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பக்கங்கள் மறுபடி ஜாவாவாக மாற்றப்பட்டால்தான் இந்த மாற்றம் அவற்றில் ஏறும். பழைய வகுப்புக் கோப்புகள் இருக்கும்வரை பழைய நடத்தையே தொடரும். இது தீர்வு ஆகாது. ஆனால் தவறான சேமிப்பு இன்றே நிற்கும். இதற்குப்பின் பிழை மறைந்துவிட்டால் நான் கீழே சொல்லும் காரணமும் உறுதியாகிவிடும்.

இனி காரணம். டாம்கேட்டில் ஜேஎஸ்பி பக்கத்தை ஜாவா சர்வ்லெட்டாக மாற்றும் பகுதிக்கு ஜாஸ்பர் என்று பெயர். பக்கத்தில் ஒரு குறிச்சொல் வரும் ஒவ்வொரு முறையும் புதுப் பொருள் படைப்பது வீண் என்பதால், ஜாஸ்பர் கையாளிகளுக்கு ஒரு பூல், அதாவது மறுபடி பயன்படுத்துவதற்கான ஓர் இருப்பு, வைத்துக்கொள்கிறது. குறிச்சொல்லை அடையும்போது பூலிலிருந்து ஒரு கையாளியை எடுக்கிறது. பேஜ்கான்டெக்ஸ்ட்டையும் பெற்றோரையும் அமைக்கிறது. பக்கத்தில் எழுதியிருக்கும் பண்புக்கூறுகளுக்கு மட்டும் செட் முறைகளை அழைக்கிறது. டூஸ்டார்ட்டேக், டூஎண்ட்டேக் முடிந்ததும் கையாளியைத் திருப்பிப் பூலில் வைத்துவிடுகிறது. பூலில் வைக்கும்போது ரிலீஸ் அழைக்கப்படுவதில்லை. கையாளி இனித் தேவையே இல்லை என்று முடிவாகும்போதுதான், அதாவது பூல் நிறைந்து அதில் இடமில்லாமல் போகும்போதோ பக்கத்தின் சர்வ்லெட் அழிக்கப்படும்போதோதான், அது அழைக்கப்படும். ஆகவே நீங்கள் ரிலீஸ் முறையில் கவனமாக எழுதிய மீட்டமைப்பு இரண்டு பயன்பாடுகளுக்கு இடையில் ஓடவே இல்லை.

பூல் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உங்கள் அறிகுறிகள் ஒவ்வொன்றும் விளங்கும். ஒரு பக்கத்திற்குள், குறிச்சொல்லின் பெயர், அதில் எழுதப்பட்ட பண்புக்கூறுகளின் பெயர்கள், உடல் வெறுமையாக இருக்கிறதா இல்லையா என்பது ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பூலைத் தீர்மானிக்கின்றன. பண்புக்கூறுகளை எந்த வரிசையில் எழுதினாலும் பூல் ஒன்றுதான். உங்கள் பக்கத்தில் பெயர், தலைப்பு, மதிப்பு மூன்றும் எழுதிய புலங்கள் ஒரு பூலைப் பகிர்கின்றன. அவற்றில் வேல்யூ மாறி ஒவ்வொரு முறையும் செட் முறையால் மேலெழுதப்படுவதால் பழைய மதிப்பு வெளியே தெரிவதில்லை. பிறந்த தேதி மட்டும் பெயர், தலைப்பு என்ற இரண்டோடு நிற்பதால் தனிப் பூலில் இருக்கிறது. முதல் கோரிக்கையில் வேல்யூ நல், எனவே மாடலிலிருந்து தேதி எடுக்கப்பட்டு அதே மாறியில் அமர்கிறது. அடுத்த கோரிக்கையில் அதே கையாளி வரும்போது வேல்யூ நல் இல்லை. பக்கம் மதிப்பைக் கொடுத்திருக்கிறது என்று உங்கள் நிரல் எடுத்துக்கொண்டு, மாடலைப் பார்க்காமலே பழைய தேதியை எழுதிவிடுகிறது.

மேம்பாட்டுக் கணினியில் நீங்கள் ஒருவரே கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதால் அந்தப் பூலில் ஒரே கையாளிதான் இருக்கும். ஆகவே ஒரே தேதி. பயன்பாட்டுச் சேவையகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைக் கேட்கும்போது பூல் காலியாக இருந்தால் இரண்டாவது கையாளி உருவாக்கப்படுகிறது. அது தான் முதலில் சந்தித்த உறுப்பினரின் தேதியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பூலில் ஓய்வாக இருக்கும் கையாளிகள் இயல்பாக 5-க்கு மேல் போகாது. நீங்கள் பார்த்த இரண்டு மூன்று தேதிகள் அப்படி இரண்டு மூன்று கையாளிகளில் தங்கிப்போனவை. சிங்க்ரனைஸ்டு பயன்படாததற்கும் இதுவே காரணம்: பூலிலிருந்து எடுத்துத் திருப்பி வைக்கும்வரை ஒரு கையாளியை ஒரே ஒரு த்ரெட்தான் தொடுகிறது. மோதல் எதுவும் இல்லை; மிச்சம்தான் இருக்கிறது.

உங்களை அதிகம் குழப்பியிருக்கக்கூடியது, அச்சு வரியைச் சேர்த்ததும் பிழை மறைந்ததுதான். இந்த வழு பல நாள் பிடிபடாமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஜேஎஸ்பி கோப்பைத் தொட்டவுடன், மேம்பாட்டு முறையில் இயங்கும் ஜாஸ்பர் அந்தப் பக்கத்தை மறுபடி மாற்றித் தொகுக்கிறது. பழைய சர்வ்லெட்டும் அதன் பூல்களும் அழிகின்றன. அடுத்த கோரிக்கைக்குப் புதுக் கையாளி கிடைக்கிறது. ஆக, வழுவைத் தேடுவதற்காகப் பக்கத்தில் நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றமும் தடயத்தை அழித்துவிட்டது. கட்டாயம் என்ற பண்புக்கூறைச் சேர்த்தபோதும் அப்படியே. அதோடு பூலும் வேறாகிவிட்டது.

எனவே பக்கத்தைத் தொடாமல் பார்க்க வேண்டும். இரண்டு இடங்கள் உதவும். முதலாவது, வொர்க் கோப்புறையில் உங்கள் பக்கத்தின் பெயரோடு அடிக்கோடும் ஜேஎஸ்பி என்ற சொல்லும் ஒட்டிய ஒரு ஜாவா கோப்பு இருக்கும். அதைத் திறந்தால் வகுப்பின் தொடக்கத்திலேயே டேக்பூல் என்ற சொல்லைக் கொண்ட மாறிகளைக் காண்பீர்கள்; ஒவ்வொன்றின் பெயரிலும் குறிச்சொல்லின் பெயரும் பண்புக்கூறுகளின் பெயர்களும் கோத்திருக்கும். எந்தப் புலங்கள் எந்தப் பூலைப் பகிர்கின்றன என்பதை அங்கேயே படித்துவிடலாம். இரண்டாவது, குறிச்சொல்லின் டூஸ்டார்ட்டேக் தொடக்கத்தில், எதையும் கணக்கிடும் முன், சிஸ்டம் வகுப்பின் ஐடென்டிட்டிஹேஷ்கோட் முறையால் கிடைக்கும் எண்ணையும் வேல்யூ, ஹேஸ்எரர் இரண்டின் நிலையையும் பதிவில் எழுதுங்கள். ஒரே எண் வெவ்வேறு கோரிக்கைகளில் வந்து, நல் ஆக இருக்க வேண்டிய வேல்யூ நிரம்பியிருந்தால் வேறு சான்று தேவையில்லை.

நெரிசலையோ இரண்டாவது கோரிக்கையையோ எதிர்பார்க்காமல் முதல் கோரிக்கையிலேயே வழுவை வரவழைக்கவும் ஒரு வழி இருக்கிறது. ஒரு சோதனைப் பக்கத்தில் இந்தக் குறிச்சொல்லை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதுங்கள். இரண்டிலும் பெயரும் தலைப்பும் மட்டும் இருக்கட்டும், ஆனால் வெவ்வேறு புலங்களைச் சுட்டட்டும். முதல் குறிச்சொல் முடிந்ததும் அதன் கையாளி பூலுக்குப் போய் இரண்டாவதற்கு வந்துவிடும் என்பதால், இரண்டாவது புலத்தில் முதல் புலத்தின் மதிப்பு தெரியும். மூன்றாவதாகக் கட்டாயம் என்ற பண்புக்கூறோடு ஒன்றைச் சேர்த்தால் அது தனிப் பூல் என்பதால் சரியாக வரும். திருத்தம் செய்தபின் இதே பக்கம் உங்களுக்கு நிரந்தரச் சோதனையாகவும் பயன்படும்.

ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். ஹேஸ்எரர் மாறியை ட்ரூ ஆக்குகிறீர்கள். எங்காவது ஃபால்ஸ் ஆக்குகிறீர்களா? இல்லையென்றால், பிழையே இல்லாத புலங்கள் சிவப்பாகத் தெரிவதாக யாராவது முறையிட்டிருக்க வேண்டும். அது மதிப்பைக் கொடுத்த புலங்களிலும் நடக்கும். ஏனென்றால் ஹேஸ்எரர் எந்தச் செட் முறையாலும் மேலெழுதப்படுவதில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. நேற்று மாலையே பூலிங்கை நிறுத்தினோம். அதன்பின் தவறான தேதி ஒன்றுகூட வரவில்லை. மேம்பாட்டுக் கணினியில் பூலிங்கை அப்படியே விட்டுவைத்து, நீங்கள் சொன்ன சோதனைப் பக்கத்தை எழுதினேன். முதல் கோரிக்கையிலேயே இரண்டாவது புலத்தில் முதல் புலத்தின் மதிப்பு வந்து நின்றது. பதிவிலும் இரண்டு புலங்களுக்கும் ஒரே எண். நான்கு நாட்களாகத் தேடியதை இரண்டு வரிகள் காட்டிக்கொடுத்துவிட்டன.

சிவப்புப் புலங்களைப் பற்றி நீங்கள் கேட்டது சரியே. வேறு ஒரு பக்கத்தில் பிழையில்லாத புலங்கள் சிவந்து தெரிவதாகச் சில மாதங்களுக்கு முன் ஒரு முறையீடு வந்தது. அதை ஸ்டைல் கோப்பின் குறை என்று கருதி முடித்துவிட்டோம். இப்போது பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

இனித் திருத்தத்திற்கு வருகிறேன். மூன்று வழிகள் தோன்றுகின்றன. பூலிங்கை நிரந்தரமாக நிறுத்திவிடுவது ஒன்று. டூஎண்ட்டேக் முறையில் எல்லா மாறிகளையும் நல் ஆக்குவது ஒன்று. குறிச்சொல்லை சிம்பிள்டேக்சப்போர்ட் வகுப்புக்கு மாற்றி எழுதுவது ஒன்று. எங்கள் நூலகத்தில் இந்தப் புலக் குறிச்சொல்லைத் தவிர, எல்லாப் புலங்களையும் உள்ளடக்கும் படிவக் குறிச்சொல்லும் தேர்வுப் பட்டியலுக்கான குறிச்சொல்லும் இருக்கின்றன; புலங்கள் தம்மை உள்ளடக்கும் படிவத்தை ஃபைண்ட்ஆன்செஸ்டர்வித்கிளாஸ் முறையால் தேடிக்கொள்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

மூன்றாம் மறுமொழி

இதே போன்ற ஒரு நூலகத்தை மாற்றி எழுதியிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். பூலிங்கை நிறுத்துவதைத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். குறிச்சொல் சரியாக இயங்குவது ஒரு சேவையகத்தின் அமைப்புக் கோப்பைப் பொறுத்து இருக்கக் கூடாது. டாம்கேட்டைப் புதுப்பிக்கும்போதோ வேறு கொள்கலனுக்கு (டாம்கேட் போல ஜேஎஸ்பியை இயக்கும் மென்பொருளுக்கு) மாறும்போதோ அந்த ஒரு வரியை யாராவது எடுத்துச் செல்ல மறந்தால், பிழைச் செய்தி எதுவும் இல்லாமலே தேதிகள் மறுபடி கலக்கும்.

டூஎண்ட்டேக் முறையில் மீட்டமைப்பது பலரும் செய்வது. அதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. டூஸ்டார்ட்டேக்கிலோ உடலிலோ விதிவிலக்கு எழுந்தால் டூஎண்ட்டேக் அழைக்கப்படாது. அதற்காகத்தான் 2001-இல் வந்த ஜேஎஸ்பி 1.2-இல் ட்ரைகேட்ச்ஃபைனலி என்ற இடைமுகம் சேர்க்கப்பட்டது. அதன் டூஃபைனலி முறை விதிவிலக்கு எழுந்தாலும் ஓடும். இரண்டாவது குறை நுட்பமானது. பக்கத்திலிருந்து செட் முறை வழியாக வந்த பண்புக்கூறுகள் கையாளியில் அப்படியே இருக்கும் என்று கொள்கலன் நம்பலாம் என்பது ஜேஎஸ்பி வரையறையின் நிலை. ஒரே பண்புக்கூறு ஒரே மதிப்போடு மறுபடி வந்தால் செட் முறையை அழைக்காமல் விடும் உரிமை கொள்கலனுக்கு உண்டு. டாம்கேட் ஒவ்வொரு முறையும் அழைக்கிறது. அதனால் அங்கே சிக்கல் தெரியாது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் கொள்கலனில், நீங்கள் தலைப்பை நல் ஆக்கிவிட்டால் இரண்டாவது முறை புலம் தலைப்பே இல்லாமல் வரும். ஆகவே பண்புக்கூறுகளை மீட்டமைக்கவே கூடாது. குறிச்சொல் தானாகக் கணக்கிட்டவற்றை மட்டுமே துடைக்க வேண்டும்.

அப்படிப் பிரித்துப் பார்த்தாலே எளிய திருத்தம் கண்ணில் படும். உங்கள் நிரலில் வேல்யூ என்ற ஒரே மாறி இரண்டு வேலைகளைச் செய்கிறது: பக்கம் கொடுத்ததை வைத்திருப்பதும், கடைசியில் எழுதப்போவதை வைத்திருப்பதும். இரண்டாவது வேலைக்கு டூஸ்டார்ட்டேக் முறைக்குள்ளேயே ஓர் உள்ளூர் மாறியை வைத்துக்கொள்ளுங்கள். வேல்யூ நல் இல்லையென்றால் அது. நல் என்றால் மாடலில் தேடியது. வேல்யூவைத் தொடவே வேண்டாம். ஹேஸ்எரரும் உள்ளூர் மாறியாகட்டும். இந்த இரண்டு மாற்றங்களோடு உங்கள் வகுப்பு பூலிங்கோடும் பூலிங் இல்லாமலும் சரியாக இயங்கும். இதை இன்றே செய்துவிடலாம். ஜேஎஸ்பி பக்கங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. தேர்வுப் பட்டியல் குறிச்சொல்லில், உள்ளே இருக்கும் தெரிவுகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும் உறுப்பு மாறி இருக்கிறதா என்று உடனே பாருங்கள். டூஸ்டார்ட்டேக் தொடக்கத்தில் அதற்குப் புதுப் பட்டியல் அமைக்காவிட்டால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தெரிவுகள் பெருகிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் குறிச்சொற்கள் எட்ட வேண்டியிருப்பதால் அதை உள்ளூர் மாறியாக்க முடியாது. அங்கேதான் டூஃபைனலி உண்மையில் தேவைப்படுகிறது.

ஸ்பிரிங்கின் சொந்தப் படிவக் குறிச்சொற்களும் உங்களுடையதைப் போல டேக்சப்போர்ட் வழி வரும் பழைய வகைக் கையாளிகளே. அவை இந்த ஒழுங்கை எப்படிக் கடைப்பிடிக்கின்றன என்பதைப் படித்துப் பார்ப்பது பயனுள்ளது. தரவோடு பிணையும் எல்லாக் குறிச்சொற்களுக்கும் அடிப்படையான வகுப்பில், மாடலிலிருந்து கணக்கிட்ட பைண்ட்ஸ்டேட்டஸ் பொருள் டூஃபைனலியில் நல் ஆக்கப்படுகிறது. பக்கத்திலிருந்து வந்த பாத் பண்புக்கூறு தொடப்படுவதில்லை. பின்னாளில் அந்த வகுப்பை நீட்டித்து எழுதினால், உங்கள் டூஃபைனலிக்குள் மேல் வகுப்பின் டூஃபைனலியை அழைக்கத் தவறாதீர்கள். தவறினால் இதே வழு புது உருவில் வரும்.

நீண்ட காலத்திற்கு சிம்பிள்டேக்சப்போர்ட் நல்ல தேர்வு. 2003-இல் வெளிவந்த ஜேஎஸ்பி 2.0-இல் அறிமுகமான அந்த வகைக் கையாளிகளைக் கொள்கலன் மறுபயன்பாடு செய்யக் கூடாது என்று வரையறையே சொல்கிறது. ஒவ்வொரு முறையும் புதுப் பொருள் என்பதால் இந்த வழுவுக்கே இடமில்லை. பொருள் படைக்கும் செலவை எண்ணித் தயங்க வேண்டாம். இத்தனை சிறிய, உடனே மறையும் பொருள்கள் இன்றைய ஜாவாவுக்கு ஒரு சுமையே இல்லை.

ஆனால் மாற்றும் வரிசையில் கவனம் வேண்டும். உள்ளே இருக்கும் புலங்களை முதலில் மாற்றுங்கள். வெளியே இருக்கும் படிவக் குறிச்சொல்லைக் கடைசியாக மாற்றுங்கள். காரணம் இரண்டு. முதலாவது, எளிய வகைக் குறிச்சொல்லின் (சிம்பிள்டேக்சப்போர்ட் வகை) உடலில் ஸ்கிரிப்ட்லெட் (பக்கத்திலேயே எழுதும் ஜாவா வரிகள்) இருக்கக் கூடாது. குறிச்சொல் நூலகத்தின் விவரக் கோப்பில் உடலின் வகையை ஜேஎஸ்பி என்று விட்டுவைத்தால் டாம்கேட் பக்கத்தை மாற்ற மறுத்துவிடும். ஸ்கிரிப்ட்லெஸ் என்று மாற்றினால், படிவத்திற்குள் ஜாவா வரிகள் எழுதியிருக்கும் பழைய பக்கங்கள் எல்லாம் நிற்கும். புலங்களுக்கு உடலே இல்லை என்பதால் எம்ப்டி என்று எழுதி எளிதாக மாற்றிவிடலாம். இரண்டாவது, பெற்றோரைத் தேடும் முறை. வெளியே எளிய வகைக் குறிச்சொல்லும் உள்ளே பழைய வகைக் குறிச்சொல்லும் இருந்தால், கொள்கலன் வெளிக் கையாளியை டேக்அடாப்டர் என்ற உறைக்குள் வைத்துத்தான் உள்ளே கொடுக்கும். டேக்சப்போர்ட்டில் இருக்கும் ஃபைண்ட்ஆன்செஸ்டர்வித்கிளாஸ் அந்த உறையைப் பிரித்துப் பார்க்காது. படிவம் கண்ணெதிரே இருந்தும் நல் திரும்பும். சிம்பிள்டேக்சப்போர்ட்டில் அதே பெயரில் இருக்கும் முறை உறையைப் பிரித்துப் பார்க்கும். எனவே வெளிக் குறிச்சொல்லை மாற்றும் முன், எல்லா இடங்களிலும் இந்த இரண்டாவது முறையையே அழைக்கும்படி செய்துவிடுங்கள். பழைய வகைப் பெற்றோரையும் அது சரியாகவே கண்டுபிடிக்கும்.

மேலும் ஒரு சிறு வேறுபாடு. எளிய வகையில் உங்கள் கைக்கு வருவது ஜேஎஸ்பிகான்டெக்ஸ்ட். கோரிக்கைப் பொருளை எடுக்க அதை பேஜ்கான்டெக்ஸ்ட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேட்டவர்

உள்ளூர் மாறிகளாக மாற்றிவிட்டேன். சோதனைப் பக்கத்தில் பூலிங் இயங்கும்போதும் நிறுத்தியபோதும் மூன்று புலங்களும் சரியாக வருகின்றன. கையாளியின் எண் இரண்டு புலங்களுக்கும் இன்னும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் டூஸ்டார்ட்டேக் தொடக்கத்தில் வேல்யூ இப்போது எப்போதும் நல். தேர்வுப் பட்டியலைப் பார்த்தேன். தெரிவுகளின் பட்டியல் கட்டமைப்பானிலேயே உருவாக்கப்பட்டிருந்தது. அது இதுவரை வெளியே தெரியாததற்குக் காரணம், தெரிவுகளை எழுதும்போது ஒரே மதிப்பு இரண்டு முறை வந்தால் விட்டுவிடும்படி யாரோ ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்ததுதான். அந்த நிபந்தனையை நீக்கியதும், மூன்று முறை திறந்த பக்கத்தில் ஒவ்வொரு தெரிவும் மூன்று முறை வந்தது. பட்டியலை டூஸ்டார்ட்டேக்கில் புதிதாக அமைத்து, டூஃபைனலியில் துடைக்கும்படி எழுதிவிட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஏற்கெனவே தவறாகச் சேமிக்கப்பட்ட தேதிகளைக் கண்டுபிடிக்க வழி உண்டா? திருத்தங்களின் வரலாற்று அட்டவணை எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்தின் நேரமும் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் அதில் உள்ளன.

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

வரலாற்று அட்டவணை இருந்தால் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். கையாளி ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டால், சேவையகம் மறுபடி தொடங்கப்படும்வரையோ பக்கம் மாற்றப்படும்வரையோ பெரும்பாலும் அதையே காட்டிக்கொண்டிருக்கும். எனவே பிறந்த தேதி மாறிய திருத்தங்களை எல்லாம் எடுத்து, சேவையகம் தொடங்கிய நேரங்களுக்கு இடைப்பட்ட காலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு காலத்திலும் புதிய மதிப்பின்படி குழுவாக்குங்கள். ஒரே காலத்திற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களுக்கு ஒரே பிறந்த தேதி புதிதாக ஏறியிருந்தால், அந்தக் குழு ஏறத்தாழ உறுதியாக இந்த வழுவின் விளைவே. அந்தத் தேதியைப் பிறந்த தேதியாக முன்பிருந்தே கொண்ட ஓர் உறுப்பினரின் பக்கம் அந்தக் காலத்தின் தொடக்கத்தில் திறக்கப்பட்டிருப்பதை அணுகல் பதிவில் காண முடிந்தால் ஐயமே இருக்காது.

ஒருமுறை மட்டும் ஏறிய தவறான தேதி இந்தக் குழுக்களில் சிக்காது. அதற்குத் தனியாக, புதிய தேதி அந்தக் காலத்தில் பக்கம் திறக்கப்பட்ட வேறு ஓர் உறுப்பினரின் தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தற்செயலாகப் பொருந்துபவையும் அதில் வரும் என்பதால் அவற்றைத் தானாகத் திருத்தாமல், பழைய மதிப்பைக் காட்டி உறுப்பினரிடமே உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

கேட்டவர்

அப்படியே செய்து பார்த்தோம். குழுக்களில் 17 பதிவுகளும், ஒருமுறை மட்டும் ஏறியவற்றில் ஐயத்திற்குரிய 6 பதிவுகளும் கிடைத்தன. 17-ஐயும் வரலாற்று அட்டவணையின் பழைய மதிப்பைக் கொண்டு திருத்திவிட்டோம். மற்ற ஆறு உறுப்பினர்களுக்கும் எழுதியிருக்கிறோம். பயன்பாட்டுச் சேவையகத்தில் புதிய நூலகத்தை ஏற்றியபின் எனேபிள்பூலிங் வரியை நீக்கிவிட்டோம். புலக் குறிச்சொல்லை சிம்பிள்டேக்சப்போர்ட்டுக்கு மாற்றும் வேலையை அடுத்த வாரம் தொடங்குகிறோம். படிவக் குறிச்சொல்லை, அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்லெட்களை அகற்றிய பிறகே தொடுவோம்.